கரண்ட் போய்வரும் ஊரில் கணினியும் கைபேசியும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரங்கூன்காரன். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சொந்தக்காரர்கள், கோவில்காரர்கள், தெருப்பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப்பையும் போனையும் பார்த்துக் கொடுக்கிறேன். இருபது வருடமாக இது நடக்கிறது. கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எழுதி வைத்தால் மோல்மேனிலும் தட்டோனிலும் பெகுவிலும் இருப்பவர்களுக்கும் உதவும் என்று தங்கச்சி சொன்னாள், எழுதிவிட்டேன். தகவல் எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் முறை வைத்து வருகிறது. கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறோம். முதலில் எதை வாங்குவது, அண்ணே?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில், கரண்ட் இல்லாதபோது வீட்டில் என்னென்ன ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கும். எல்இடி பல்பு 9 வாட், மேசை விசிறி 50 வாட் சுமார், வைஃபை ரவுட்டர் 8 முதல் 10 வாட், போன் சார்ஜர் 10 வாட். இரண்டு பல்பு, ஒரு விசிறி, ரவுட்டர், போன் எல்லாம் சேர்த்தாலும் 90 வாட்தான் வரும். இதற்காக 3,000 வாட் இன்வெர்ட்டரை வாங்கித் தலையில் கட்டிக்கொண்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் பெரிதானால் வெளிச்சம் கூடாது. அது சும்மா ஓடுவதற்கே பேட்டரியைத் தின்னும்.

அடுத்து பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் காகிதக் கணக்கில் 1,200 வாட்-மணி. ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. செய்தால் ஆயுள் சீக்கிரம் குறையும். அப்போது கையில் நிற்பது 600. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தால் 500. நாம் போட்ட 90 வாட் கணக்கில் ஐந்தரை மணி நேரம் ஓடும். நல்ல கணக்குதானே என்று தோன்றும்.

நம் ஊரில் பேட்டரி காலியாவதைவிட, மறுபடி நிரம்புவதுதான் பெரிய பாடு. லெட்-ஆசிட்டில் முதல் முக்கால் பங்கு வேகமாக ஏறும். கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும். முழுதாக நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். கரண்ட் நாலு மணி நேரம் வந்து போய்விட்டால் அது நிரம்பாமலேயே மறுபடி வேலைக்குப் போகிறது. அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகட்டில் லெட் சல்பேட் படிகம் இறுகிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. நிறைய வீடுகளில் ஒரு வருடத்திலேயே பேட்டரி செத்துவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வது இதைத்தான். ஏமாற்று இருக்கலாம், பாதிக்கு மேல் காரணம் இந்தப் படிகம்.

அதனால் என் அபிப்பிராயம் இது: காசு சற்று அதிகமானாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும், அரைகுறையாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாது, எண்பது சதவீதம் வரை காலி செய்யலாம், இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டிவிடாதீர்கள். அதில் லித்தியம் என்று ஒரு அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். லெட்-ஆசிட்டுக்காக அவ்வப்போது கூடுதல் வோல்டேஜ் கொடுக்கும் பழக்கம் உள்ள சார்ஜர் லித்தியத்துக்கு ஆகாது.

இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் ஆக, அதாவது லைன் கரண்ட் போலவே சீரான அலையாகக் கொடுப்பதாக, இருக்கட்டும். மலிவான மாடிஃபைட் வகையில் விசிறி முனகும், மோட்டார் சூடாகும்.

அவ்வளவு காசு இல்லை. பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு நின்றுவிடாமல் இருந்தால் போதும்.

அப்படியானால் இன்வெர்ட்டரே வேண்டாம். ரவுட்டருக்கு உள்ளே போவது பெரும்பாலும் 12 வோல்ட் டிசி. இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக்கும், ரவுட்டர் அடாப்டர் அதை மறுபடி 12 ஆக்கும். போகவும் வரவும் வீண். ரவுட்டருக்கென்றே உள்ளங்கை அளவில் மினி யுபிஎஸ் விற்கிறது. 8,800 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பது சுமார் 32 வாட்-மணி. 8 வாட் ரவுட்டரை மூன்றரை மணி நேரம் தாங்கும். ஃபைபர் லைன் என்றால் இன்னும் நல்லது. தெருவில் வரும் கண்ணாடி இழைக்கும் அதைப் பிரிக்கும் பெட்டிக்கும் கரண்டே தேவையில்லை. அந்தப் பக்கம் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடினால், இந்தப் பக்கம் உங்கள் ரவுட்டர் ஓடினால், தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் வரும். போன் டவர் அப்படியில்லை. அதன் பேட்டரி தீர்ந்தால் சிக்னலும் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த சாதனங்களில் இந்தச் சின்னப் பெட்டி ஒன்று. ஒரே வேலை செய்கிறது, அதை ஒழுங்காகச் செய்கிறது.

பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருக்கிறது. என் போன் பேட்டரி 5,000. ஏன் இரண்டு தடவை ஏறுவதில்லை?

அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. அதன் வோல்டேஜ் 3.7. பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே அனுப்பும்போது 5 வோல்ட் அல்லது அதற்கு மேல் உயர்த்தி அனுப்புகிறது, அதில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். 31 வாட்-மணி கிடைத்தால் நல்ல பவர் பேங்க். உங்கள் போன் பேட்டரி சுமார் 19 வாட்-மணி. ஒன்றரை தடவைக்குச் சற்று மேலே ஏறும். அவ்வளவு ஏறினால் உங்கள் பவர் பேங்க் நேர்மையானது, வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட ஏறவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். கையளவுப் பெட்டியில் 50,000 என்று அச்சடித்து விற்பதை வாங்காதீர்கள்.

மெட்ராஸுக்கோ பினாங்குக்கோ விமானம் ஏறுபவர்களுக்கு ஒன்று. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், அதாவது 27,000 வரை.

ராத்திரி முழுக்கச் சார்ஜில் விட்டால் போன் பேட்டரி கெட்டுவிடுமா? முழுசாகக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்களே?

முழுசாகக் காலி செய்வது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம்-அயான் 1991-இல் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. அதை உருவாக்கிய மூன்று பேருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இது கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றுவதைத்தான் விரும்பும். இரவு முழுக்க மாட்டியிருந்தாலும் நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். கெடுப்பது சூடு. தலையணைக்கு அடியில், மெத்தைமேல், கட்டியான கவர் போட்டு, சித்திரை வெயிலில் சன்னலோரம் சார்ஜ் போடுவதுதான் கெடுதல்.

எண்பது சதவீதத்தோடு நிறுத்தினால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை. புதுப் போன்களில் அதற்கு ஒரு அமைப்பும் உண்டு. ஆனால் நம் ஊரில் அதைப் போடாதீர்கள் என்பேன். இங்கே போன்தான் டார்ச், போன்தான் ரேடியோ, அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடுவதும் அதுதான். பேட்டரி ஒரு வருடம் குறைவாக உழைத்தாலும் பரவாயில்லை, கரண்ட் போகும்போது நூறில் இருக்கட்டும்.

"மீ லாபீ!" என்று, அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று, தெருவே கத்துகிறது. உடனே எல்லாவற்றையும் போடலாமா?

அந்தச் சத்தம் எனக்கும் சின்ன வயசிலிருந்து பிடிக்கும். ஆனால் ஐந்து நிமிடம் பொறுங்கள். தெருவில் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும் ஒரே நொடியில் இழுக்கும்போது வோல்டேஜ் குதித்துக் குதித்து வரும். ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கம்ப்ரஸரில் அழுத்தம் சமமாவதற்கு மூன்று நான்கு நிமிடம் வேண்டும், அதற்குள் மறுபடி போட்டால் மோட்டார் திணறும். தாமதமாக இணைக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று ஃப்ரிட்ஜுக்குப் போட்டுவிடுங்கள். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர், டிவி பிளக்கைக் கழற்றிவிடுவதற்குக் காசே தேவையில்லை.

டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

ஆகாது. திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரைந்து காட்டும், வேறொன்றும் செய்யாது.

போனில் ஆப்களை எல்லாம் மேலே தள்ளி மூடிவிடுவது?

அதுவும் தேவையில்லை. பின்னால் நிற்கும் ஆப் பெரும்பாலும் தூங்குகிறது. மூடிவிட்டுத் திறந்தால் முதலிலிருந்து ஏற வேண்டும், அதற்குத்தான் பேட்டரி அதிகம் செலவாகும். ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அதை மட்டும் மூடுங்கள்.

கம்ப்யூட்டரைத் தினமும் ஷட்டவுன் செய்கிறேன். அப்படியும் மெதுவாகவே இருக்கிறது.

விண்டோஸ் 8 வந்த பிறகு ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காக உள்ளே இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. சுத்தமாக முதலிலிருந்து தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். என்னிடம் வரும் கம்ப்யூட்டர்களில் பல, நான் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்ததுமே சரியாகிவிட்டன. பூதம் ஓட்டியதுபோல் பார்க்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே. என் லேப்டாப் பழசு. தூக்கிப் போட வேண்டியதுதானா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் கேட்கிறது. அதற்காக வேலை செய்யும் மெஷினைத் தூக்கிப் போட மனசு வருமா? எனக்கு வராது.

இரண்டு வேலை செய்யுங்கள். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி மாற்றுங்கள். புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான், வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும். பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். காசில்லை, பழைய மெஷினில் நன்றாக ஓடும், தமிழும் பர்மிய எழுத்தும் ஒழுங்காகத் தெரியும். லிப்ரே ஆபீஸில் கடிதம், கணக்கு எல்லாம் எழுதலாம். கோவில் அலுவலகக் கம்ப்யூட்டரில் இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் அலுவலகத்து மாமா எங்கே எது என்று கேட்டு நாலு தடவை கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவேயில்லை.

மழையில் போன் நனைந்துவிட்டது. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

எடுத்துவிடுங்கள். ரங்கூனில் வைகாசியிலிருந்து ஐப்பசி வரை மழைதான். இந்தக் கேள்வி ஆறு மாதமும் வரும். அரிசி பெரிதாக எதையும் உறிஞ்சாது. அதன் தவிடும் மாவும் சார்ஜ் துளைக்குள் போய் அடைக்கும். ஆப்பிள் கம்பெனியே 2024-இல் அரிசியில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், சிம் தட்டை வெளியே இழுங்கள், துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டுங்கள், விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். எரிகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு நடுவில் ஆன் செய்வதும், ஈரத்தோடு சார்ஜ் மாட்டுவதும்தான் போனைக் கொல்லும்.

வாங்கும்போதே ஐபி68 என்று, தண்ணீர் தாங்கும் தரம் போட்டிருக்கிறதே என்றால், அது புதுப் போனில் நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த சோதனை. ஒரு தடவை திறந்து பழுதுபார்த்த போனுக்கு அது பொருந்தாது.

கோவிலின் பழைய ஆவணங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கன்னாபின்னா என்று வருகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. பழைய எழுத்துரு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம்.

பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த தமிழ் உண்மையில் தமிழ் இல்லை. "அம்மா" என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே வைத்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளை. அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. எழுத்துரு தொலைந்தால் முகமூடி கழன்றுவிடும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, இன்னொருவர் போனில் தெரியாது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டு அரசு 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. "கெ" என்று எழுதும்போது கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும், உள்ளே க முதலில், கொம்பு பிறகு என்று உச்சரிக்கும் வரிசையில் இருக்கும்.

பர்மியர்களோடு வாழும் நமக்கு இது புதுக்கதை இல்லை, ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவின் கதையேதான். ஜோஜி எழுத்துருவிலும் பர்மியக் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முன்னால் அடிப்பார்கள்; யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால். இரண்டும் ஒரே எண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்தியதால், ஒருவர் அனுப்பிய செய்தி இன்னொருவர் போனில் புள்ளியும் வட்டமுமாகச் சிதறி வரும். 2014-இல் சிம் விலை 1,500 சாட் ஆனதும் ஊரே ஒரே சமயத்தில் கையில் போனோடு நின்றது. அந்தப் போன்களில் எல்லாம் கடைக்காரர்கள் ஜோஜியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்குச் சில வருடம் முன்பு ஒரு சிம் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற நாடு இது. பிறகு 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு யூனிகோடுக்கு மாறுவதென்று நாள் குறித்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோன், ஷான், கரென் எழுத்துகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடங்களை ஜோஜி பர்மிய எழுத்தின் வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பெரிய மொழிக்குச் சௌகரியமாக இருந்த ஒன்று, சின்ன மொழிகளைத் திரையில் வரவிடாமல் செய்தது. இங்கே நாமும் சின்ன மொழிக்காரர்கள். அதனால் எனக்கு இது சும்மா தொழில்நுட்பச் சண்டையாகத் தெரிவதில்லை.

சரி, உங்கள் ஆவணங்களுக்கு வருகிறேன். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஸ்ரீ, க்ஷ, இரட்டைக்கொம்பு, எண்கள் வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நன்கொடைப் பட்டியலில் ஒரு பெயர் தப்பானால் அந்தக் குடும்பத்துக்கு வருத்தம். பழைய கோப்பையும் அழிக்க வேண்டாம், அதன் எழுத்துருவோடு சேர்த்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

போனில் தமிழ் எழுத எது நல்லது?

கூகுளின் ஜிபோர்டில் தமிழ் இருக்கிறது. ஐபோனில் 2013 முதல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்வது தொடக்கத்துக்குச் சரி. நிறைய எழுதுபவர்கள் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், கை தானாக மாறி மாறி ஓடும். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், மூன்றாவது வாரம் திரும்பிப் போக மாட்டீர்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத வராது. பர்மிய எழுத்தில் தமிழை எழுதி வைபரில் அனுப்புகிறார்கள். முதலில் திட்டினேன். இப்போது திட்டுவதில்லை. அவர்களுக்குக் குரலால் எழுதும் வசதியைக் காட்டிக் கொடுத்தேன். பேசினால் தமிழ் எழுத்து திரையில் வருகிறது, தான் சொன்னது எப்படி எழுதப்படும் என்று தினமும் பார்க்கிறார்கள். அண்ணன் மகள் கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

1 டெராபைட் மெமரி கார்டு கொள்ளை மலிவாகக் கிடைத்தது. முதல் சில படம் நன்றாக இருந்தது, பிறகு எல்லாம் கறுப்பு.

32 ஜிபி கார்டுக்கு 1 டெராபைட் என்று பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து விற்கிறார்கள். 32 வரை எழுதும். அதற்கு மேல் எழுதுவதுபோல் நடிக்கும், அல்லது பழைய படத்தின் மேலேயே எழுதும். எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சின்ன நிரலை ஓட்டுங்கள். லினக்ஸில் எஃப்3. கார்டு முழுக்க எழுதி, மறுபடி படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

உண்மையான 32 ஜிபி கார்டும் கம்ப்யூட்டரில் 29.8 என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

படங்களை எங்கே வைப்பது? போனிலேயே இருந்தால் போதாதா?

போதாது. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு மெட்ராஸுக்குக் கப்பலேறினார். பிறகு பீச் ஸ்டேஷன் பக்கம், பர்மாவிலிருந்து போனவர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜாரில் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்றார். தாத்தா இங்கேயே இருந்துவிட்டார். அவர்கள் அப்பா அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைத் தம்பி எடுத்துப் போனார். அங்கே ஒரு மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டிப் பாழாகிவிட்டது. எங்கள் கொள்ளுத்தாத்தா எப்படி இருந்தார் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஒரே பிரதி என்றால் அதன் கதி இதுதான். கண்ணாடிச் சட்டமானாலும் போனானாலும் வித்தியாசமில்லை.

நானும் தவறியிருக்கிறேன். தம்பி கல்யாணப் படம் முழுவதையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து விழுந்தது. மீட்டுத் தருகிறேன் என்று ஒரு கடையில் காசு வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து டிஸ்க்கை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா அந்தக் கல்யாணத்துக்கு மறு வருடம் போய்ச் சேர்ந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்த படங்கள் அவற்றில்தான் இருந்தன.

ஆகவே 3-2-1 என்று சொல்லும் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். போனில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் போட்டோஸ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று. நெட் மெதுவாக இருப்பவர்கள், வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பென் டிரைவில் போட்டுச் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். வேறு இடம் என்பது பக்கத்து அறை இல்லை. 2025 மார்ச் 28-ஆம் தேதி 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது மாண்டலேயில் எங்கள் அத்தை வீட்டில் அலமாரியும் மேசையும் ஒன்றாகத்தான் நொறுங்கின. படங்கள் மகனுடைய இணையக் கணக்கில் இருந்ததால் பிழைத்தன.

வீட்டில் இருக்கும் காகிதப் படங்களையும் இப்போதே போனில் எடுத்துவிடுங்கள். வெயில் நேராக விழாத சன்னலோரம், காலை வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். எடுத்த கையோடு படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று கோப்பின் பெயரிலேயே தமிழில் எழுதுங்கள். படம் பிழைத்தும் பெயர் தெரியாமல் போன முகங்கள் எங்கள் கோவில் ஆல்பத்தில் குறைந்தது இருபது இருக்கும்.

கேபே என்ற பணம் அனுப்பும் ஆப் வழியாகப் பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். நம்பலாமா?

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கவே வேண்டாம். உங்கள் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். படத்தில் எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

பாஸ்வேர்டை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது தப்பா?

தப்பில்லை. திருடன் இருப்பது இணையத்தில், உங்கள் சாமி அறை அலமாரியில் இல்லை. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் தப்பு. நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பே 2017-இல் விட்டுவிட்டது; மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் ஒரு எண்ணை மட்டும் கூட்டுகிறார்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டுச் சாதனத்தில் எது நல்ல சாதனம் என்பீர்கள்?

ரைஸ் குக்கர். 1955-இல் ஜப்பானில் தோஷிபா கம்பெனி தானாக அணையும் முதல் குக்கரை விற்றது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரணக் குக்கரின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சட்டி நூறு டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு மேலே ஏறும், காந்தம் பிடியை விடும், டக்கென்று சுவிட்ச் விழும். சில்லு இல்லை, ஆப் இல்லை. போன் வாங்கும்போதும் இப்படி ஒன்றைத்தான் தேடுகிறேன், அது செய்ய வேண்டிய வேலை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாயிக்கு எண்பது வயசு. அவருக்கு என்ன போன் வாங்குவது?

விலை உயர்ந்தது வேண்டாம், ஸ்பீக்கர் சத்தமாக இருப்பதும் பேட்டரி 5,000 இருப்பதும் முக்கியம். எழுத்தை மிகப் பெரிதாக வையுங்கள். முதல் திரையில் இருக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவரின் முகத்தையும் பெரிய படமாக வையுங்கள்; முகத்தைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். எங்கள் அப்பாயிக்கு அப்படித்தான் செய்தேன். படிக்கத் தெரியாத அவர் இப்போது மெட்ராஸில் இருக்கும் நாத்தனாரோடு குரல் செய்தியில் பேசுகிறார். தானாக வரும் அப்டேட்டை இரவுக்கு மாற்றிவிடுங்கள், பகலில் திரை மாறினால் பயந்துவிடுவார்கள். சார்ஜர் கம்பியை நீளமானதாக வாங்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சுவரில் ஆணியடித்து நிறுத்துங்கள். கரண்ட் வந்ததும் யார் முதலில் போய் மாட்டுவது என்று வீட்டில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது அண்ணன் மகள் வேலை. "மீ லாபீ" என்ற சத்தம் கேட்டதும் முதலில் அங்கேதான் ஓடுவாள்.